மார்க்கரில் நூறு முகங்கள்

எதையும் முடிக்காதவள் என்று எங்கள் வீட்டில் எனக்குப் பெயர். பரதநாட்டியத்தைச் சலங்கை கட்டுவதற்கு முன்பே விட்டுவிட்டேன். கீபோர்டு வகுப்புக்கு மூன்று மாதம் போனேன். நீச்சல் வகுப்புக்கு ஒரே ஒரு நாள், அதுவும் தண்ணீரில் கால் வைக்காமல். நான்காம் ஆண்டின் கடைசிப் பள்ளி நாளில், ஓவியப் போட்டியின் ஆறுதல் பரிசாகக் கிடைத்த இருபத்து நான்கு மார்க்கர்களுடன் வீட்டுக்கு வந்து, இனி தினம் ஒரு முகம், மொத்தம் நூறு முகம் வரையப் போகிறேன் என்று அறிவித்தேன். அம்மா கோழி கழுவுவதை நிறுத்தக்கூட இல்லை. அண்ணன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரு வாரம்கூட தாங்காதுலா," என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதும், எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அண்ணன் உடனே விதிகள் போட்டான். போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, ஆள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் எண் எழுதி, இரவுச் சாப்பாட்டுக்குள் அவனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பதின்மூன்று வயதில் அவனுக்கு இருந்த அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இருந்திருக்காது.

புக்கிட் ரம்பாயில் அட்டைப் பெட்டி செய்யும் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை. கழித்துப் போட்ட அட்டைகளில் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பழுப்பு. மார்க்கரில் உள்ள தொல்லை, கோடு போட்டால் போட்டதுதான். அழிக்க முடியாது. அப்பாவின் மூக்கு முதல் நாளே கன்னம் வரை போய்விட்டது. அம்மா தன் படத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி மட்டும் ஆசையாக உட்கார்ந்தார், தலையை மூடும் தூடோங்குக்கு ஊதா நிறம்தான் போட வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் தாண்டியது, இரண்டு வாரமும் தாண்டியது. அண்ணன் பேசாமல் கையெழுத்துப் போட்டான்.

ஒருவர் மட்டும் அதுவரை உட்கார மறுத்திருந்தார். அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்த அத்தை. அவர் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுபவர். பாச்சாங்கில் ஒரு கடையின் மாடியில் இரண்டு நாற்காலி போட்டு சிறிய பார்லர் வைத்திருந்தார். அத்தை லிப்ஸ்டிக் போடாமல் குப்பை கொட்டக்கூட வெளியே போக மாட்டார். "என் மூஞ்சிதான்டி எனக்கு சைன்போர்டு. நீ வரைஞ்சா கஸ்டமர் ஓடிருவாங்க," என்பார்.

பதினேழாம் நாள் காலை அத்தை பல் துலக்கும்போது தண்ணீர் வாயின் ஒரு பக்கமாக ஒழுகியது. இடது கண் மூடவில்லை. சிரித்துப் பார்த்தார், பாதி முகம்தான் சிரித்தது. அம்மா அலறிய அலறலில் மக்சிக்கும் ஓடி வந்துவிட்டார். மருத்துவமனையில், இது பக்கவாதம் இல்லை, முகத்து நரம்புதான் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் எத்தனை நாளில், எவ்வளவு சரியாகும் என்று சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அத்தை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் அறைக் கண்ணாடியைப் பழைய சேலையால் மூடினார். கூடத்துக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். தை மாதத்தில் பாச்சாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் பேசியிருந்தார். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் அம்மா, "அவ்வளவா தெரியலலா," என்பார். அப்பாவும் அதையே சொல்வார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாசலிலேயே அதை ஒப்புவித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள்.

எனக்கு இருந்த கவலையோ வேறு. மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே பதினெட்டாவது நாள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேருக்கும் அன்று ஓவர்டைம். மக்சிக் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் வேண்டுமென்றே பந்து விளையாடக் கிளம்பிவிட்டான். என்னையே வரையலாம் என்றால் வீட்டில் கண்ணாடி இல்லை. நேராகப் போய் அத்தையின் கதவைத் தட்டினேன்.

"போடி. தலை வலிக்குது."

"அத்தை, இன்னிக்கு வரையலன்னா ஒன்னுலருந்து ஆரம்பிக்கணும்."

நான் கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, கால் மரத்துப்போனது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "அத்தை" என்று மட்டும் சொன்னேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல்தான் அவர் கதவைத் திறந்திருக்க வேண்டும். சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நல்ல பக்கத்தை மட்டும் காட்டினார். அரை முகம் வரைந்தேன். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

மூன்று நாள் அரை முகமாகவே போனது. நான்காம் நாள் அண்ணன், அரை முகத்துக்கு அரைக் கையெழுத்துதான் என்றுவிட்டான். அதை அப்படியே அத்தையிடம் சொன்னேன். அத்தை மெல்லத் திரும்பினார்.

"உள்ளத உள்ளபடி வரை. அழகுபடுத்தினா உனக்கு நான் உட்கார மாட்டேன்," என்றார்.

நான் வரைந்தேன். வாய் வலது பக்கம் இழுத்திருந்தது, அப்படியே போட்டேன். இடது கண் பெரிதாக முழித்தது, அதையும் போட்டேன். அத்தை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "இப்படியா இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். தன் மேக்கப் பெட்டியிலிருந்து புருவப் பென்சிலை எடுத்து, நான் வரைந்த வாயின் இடது ஓரத்தில் பழுப்பாக ஒரு சின்னப் புள்ளி வைத்தார். என் கணக்கு நோட்டில் டீச்சர் தப்பான இடத்தில் இப்படித்தான் புள்ளி வைப்பார். வாய் சரியாக வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து தினமும் அத்தைதான். நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே தலை வாரித் தயாராக இருப்பார். வரைந்து முடித்ததும் புள்ளி வைப்பார், முந்தைய நாள் அட்டையைப் பக்கத்தில் வைப்பார், பென்சிலால் மூக்கிலிருந்து புள்ளி வரை அளப்பார். சில நாள் ஒன்றும் சொல்ல மாட்டார். சில நாள், "நல்லா வந்திருக்கு," என்பார். அப்போது எனக்குத் தலைகால் புரியாது. அத்தையின் கண்ணுக்கு ஒரு மயிரிழை கோணினாலும் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் என்னைப் பாராட்டுகிறார் என்றால் நான் தேறிவிட்டேன் என்றுதானே பொருள். அண்ணனிடம் போய்ச் சொல்லிக் காட்டினேன்.

நாற்பத்தொன்றாம் நாள் அத்தையின் பிறந்தநாள். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து, வாயை நேராக வரைந்தேன். இரண்டு கண்ணையும் ஒரே அளவாகப் போட்டேன். அதுவரை நான் வரைந்ததிலேயே அதுதான் அழகான முகம்.

அத்தை அட்டையைப் பார்த்தார். ஒரு வினாடி அவர் முகம் எப்படி மலர்ந்தது என்பது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. சட்டென்று எழுந்து, கண்ணாடிமேல் கிடந்த சேலையைப் பிடித்து இழுத்தார்.

கண்ணாடியில் வாய் கோணலாகத்தான் இருந்தது. அத்தை திரும்பி அட்டையை என்மேல் விட்டெறிந்தார்.

"நீ ஒருத்திதான்டி இந்த வீட்டுல உள்ளதச் சொன்ன. நீயுமா?"

நான் ஓடிப்போய்க் குளியலறையில் அழுதேன். பரிசு கொடுத்தவளைத் திட்டுகிற அத்தையை இனி வாழ்நாளில் வரைவதில்லை என்று சபதம் போட்டேன். கசங்கிய அட்டையை எடுத்துக் கையெழுத்துப் போட்ட அண்ணன், "அப்போ முடிஞ்சிச்சா?" என்று கேட்டான். நக்கலாகக்கூடக் கேட்கவில்லை, கொஞ்சம் பரிதாபமாகக் கேட்டான். அதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் அட்டையும் மார்க்கருமாகப் போய் நின்றேன். கண்ணாடி திறந்தபடியே இருந்தது. அத்தையின் கண்கள் வீங்கியிருந்தன. "உட்காரு," என்றார். நான் வாயைக் கோணலாகவே வரைந்தேன், வீங்கிய கண்களையும் விடவில்லை. அத்தை புள்ளி வைத்தார். நேற்றைய அட்டையைத் தள்ளிவிட்டு, முந்தாநாள் அட்டையை எடுத்து அளந்தார். "நல்லா வந்திருக்குடி," என்று என் தலையைக் கோதினார்.

எழுபத்து மூன்றாம் நாள், மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடியும் முன்பே அத்தை பாச்சாங் கல்யாணத்துக்குக் கிளம்பினார். அந்தப் பெண்ணின் அம்மா வேறு ஆளைப் பார்க்கவே இல்லையாம். மதியம் தலை நிறைய மல்லிகையோடு திரும்பி வந்து, சேலைகூட மாற்றாமல் எனக்கு உட்கார்ந்தார். சிரித்தால் இன்னும் லேசாக இழுக்கத்தான் செய்தது. அப்படியே வரைந்தேன். நூறாம் நாளும் வந்தது. அண்ணன் கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

போன மாதம் வீடு மாறும்போது அம்மா அந்த அட்டைக் கட்டை என்னிடம் கொடுத்தார். ஆயர் குரோவில் என் புது வீட்டுத் தரையில் எண் வரிசைப்படி பரப்பினேன். எவ்வளவு தேறியிருந்தேன் என்று பார்க்க ஆசை. தேறவே இல்லை. இருபதாம் அட்டையில் காது எங்கே தொங்கியதோ, எழுபதாம் அட்டையிலும் அங்கேதான் தொங்கியது. மூக்கும் அப்படியே, கழுத்தும் அப்படியே. இருபத்தொன்றாம் அட்டையிலிருந்து ஒவ்வொரு வாயோரத்திலும் இருந்த பழுப்புப் புள்ளி மட்டும், அட்டைக்கு அட்டை, நெல்முனை அளவு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடி பார்க்கத் துணியாத ஒருவர், தன் முகம் திரும்பி வருகிறதா என்று என் அட்டையில் தினமும் அளந்திருக்கிறார். அவர் "நல்லா வந்திருக்கு" என்றதற்கெல்லாம் நான் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் அட்டையில் மட்டும் புள்ளி இல்லை.