இரண்டு டி.வி.யில் ஒரு ஏரி

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் ஏரி ஒரே நேரத்தில் உடையப் போவதாகவும் இருந்தது. உடையாமல் பத்திரமாகவும் இருந்தது.

எப்படி என்கிறீர்களா குழந்தைகளே? சொல்கிறேன்.

திருப்போரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூன்று நாளாக விடாத மழை. வயரிங் வேலைக்குப் போக முடியாமல் நான் என் வீட்டு டி.வி. முன்னால். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஏழுமலை, அவன் வீட்டு டி.வி. முன்னால். ஏழுமலை என் மச்சான் — என் மனைவி வசந்தாவின் தம்பி.

என் சேனலில் ஏரிகள் எல்லாம் உடையும் நிலை, அரசாங்கம் தூங்குகிறது. அவன் சேனலில் ஏரிகள் எல்லாம் பத்திரம். அதிகாரிகள் கண்விழித்துக் காவல் காக்கிறார்கள். இரண்டிலும் பெய்தது ஒரே மழைதான். அவன் ஆளும் கட்சி, நான் எதிர்க்கட்சி... அவ்வளவுதான் வித்தியாசம்.

சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் கட்சி ஆட்சியில் இருந்தது. அப்போதும் மழை, இதே ஏரி. அன்றைக்குப் பத்திரம் என்று சொன்னவன் நான். உடையும் என்று சொன்னவன் அவன். ஏரி இருந்த இடத்தில்தான் இருந்தது. நாங்கள்தான் இடம் மாறிக்கொண்டோம்.

முன்பு இப்படி இல்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே டி.வி., அதில் ஒரே செய்தி. ஏழுமலை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் செய்தியைத் திட்டுவோம். திட்டிக்கொண்டே ஒரே தட்டில் வேர்க்கடலை தின்போம். அப்புறம் கேபிள் வந்தது. அவரவருக்கு ஒரு டி.வி., ஒரு சேனல். நாம் நினைப்பதையே ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு திருப்பிச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? வேர்க்கடலை நின்றுபோனது.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. என் மகளுக்குப் பால் ஏழுமலையின் மாட்டுப் பால்தான். எவ்வளவு சண்டை போட்டாலும் காலையில் சுவருக்கு மேலே சொம்பு வந்துவிடும்.

அந்த மாடும், புதிதாகப் பிறந்த அதன் கன்றும் நிற்கிற கொட்டகை ஏரிக்கரைக்கு நேர் கீழே இருக்கிறது. கரை உடைந்தால் முதலில் போவது அதுதான். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடு என்று சுவருக்கு மேலே எட்டிச் சொன்னேன்.

“ஓட்டிகினு வந்தா, மச்சான் பயந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவ. ஏரி நல்லாத்தான் கீது மாமா. நீ போய் உன் சேனலைப் பாரு” என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. சொல்லியிருப்பேன். டீக்கடையில் எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

இனி வருவதை என் மகளிடம்கூட இதுவரை சொல்லவில்லை. அவளும் இதைப் படிக்கப் போகிறாள்... படிக்கட்டும்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். உடையட்டும் என்று நினைத்தேன். உடைந்தால்தான் இவனுக்குப் புத்தி வரும். கன்று எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் அப்படி நினைத்தேன்.

அரிசி களைந்துகொண்டிருந்த வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ஏரி எங்க கீதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமா? தோ பின்னாடி கீது. பத்து நிமிசம் நடந்தா பாத்துட்டு வந்துடலாம். அதுக்கு எதுக்கு டி.வி.?”

குடையை எடுத்தாள், நடந்தாள். பின்னாலேயே நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும், ஒருவரோடு ஒருவர் பேசாமல்.

முதலில் கொட்டகை. மாட்டின் குளம்பு மூழ்கத் தண்ணீர் நின்றது. ஏழுமலையைப் பார்த்ததும் அது கத்திய கத்தல் இருக்கிறதே... அவன் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தான். நான் கன்றைத் தூக்கிக்கொண்டேன். ஈரத்தில் வெடவெடவென்று நடுங்கியபடி என் சட்டைக்குள் மூக்கை நுழைத்தது. சற்று முன்னால் நான் என்ன நினைத்தேன் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இரண்டையும் மேட்டில் கட்டிவிட்டுக் கரை ஏறினோம். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் அதற்கென்றே கட்டிய கலங்கல் வழியாக ஒழுங்காக வழிந்துகொண்டிருந்தது. ஆக, என் சேனல் பொய். ஆனால் மதகுக்குப் பக்கத்தில் எலி வளை வழியாக, கை மொத்தத்துக்குத் தண்ணீர் கசிந்தது. ஆக, அவன் சேனலும் பொய். அங்கே ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே மண் மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். யார் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது சேறு பூசிய முதுகுகள் மட்டும்தான்.

மூட்டைக்கு அடியில் விரிக்கத் தார்ப்பாய் இல்லை. வீட்டுக்கு ஓடி, என் வண்டியை மூடி வைத்திருந்த எங்கள் கட்சி பேனரை எடுத்து வந்து கரைமேல் விரித்தேன். எங்கள் தலைவர் கைகூப்பிச் சிரித்தபடி மழையில் நனைந்தார். தலையில் மூட்டையோடு வந்த ஏழுமலை தயங்கி நின்றான்.

“மாமா... மூஞ்சி மேல வெக்கட்டுமா?”

“வை. எவ்வளவோ தாங்குன மனுசன்.”

வைத்தான். தள்ளி நின்று பார்த்தான். “உங்க ஆளு இன்னிக்குத்தான் நம்ம ஊருக்கு ஒரு வேல செஞ்சிகீறாரு” என்றான்.

சிரித்துவிட்டேன். நானும் அவனும் சேர்ந்து சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

கசிவு நின்றது. சாயந்திரம் இரண்டு வீட்டிலும் டி.வி. ஓடியது. எங்கள் ஏரி எதிலும் வரவில்லை. உடையாத ஏரிக்குச் செய்தியில் ஏது இடம்?

மறுநாள் காலை சுவருக்கு மேலே சொம்பு வந்தது. வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நான் ஜெயிக்க ஒரு கன்று மூழ்க வேண்டும் என்றால்... தோற்றே போகிறேன், குழந்தைகளே.