சூட்டில் கிளம்பாத கார்

"சூலே அருகே கார் சூட்டில் கிளம்பவில்லை." 2007 செப்டம்பரில் என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இந்த ஒரு வரிதான் இருக்கிறது.

பெட்ரோல் பங்கீட்டில் கிடைத்த காலம். வண்டி நின்றாலே எஞ்சினை அணைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். சூலே புத்தகோயில் அருகே, ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகளோடு ஊர்வலம் போன கூட்டம் வழிமறித்ததும், காரை ஓட்டிவந்த மச்சானும் அணைத்துவிட்டார். எங்கள் பழைய ஜப்பான் காரில் எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்தால் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும்; மறுபடி லேசில் கிளம்பாது.

துப்பாக்கிச் சத்தம் கேட்டது. சிப்பாய்கள் தடியோடு பாய்ந்தார்கள். ஊர்வலத்தில் வந்த ஒருவன் அடிபட்டு மண்டை உடைந்து என் கதவருகே விழுந்தான். அவனைப் பின் இருக்கைக்குள் இழுத்துப் போட்டேன். மச்சான் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தார்.

"செல்ஃப் அடிக்காதீங்க மச்சான். சாவிய மூணு தரம் போட்டு எடுங்க, பம்பு ஓடி அழுத்தம் ஏறட்டும்."

"பாடம் நடத்துற நேரமாடா இது?"

ஆனாலும் போட்டு எடுத்தார். தடியடியில் பின்கண்ணாடி நொறுங்கி எங்கள் மேல் கொட்டியது. எஞ்சின் பிடித்தது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காவிட்டால் நின்றுவிடும்போல் துடித்தது.

"மிதிச்ச கால எடுக்காதீங்க."

கூட்டத்திலிருந்து விலகித் தப்பினோம். மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ஒரு சந்தில் அடிபட்டவன் இறங்கி, சுவரைப் பிடித்தபடி நடந்து போனான். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகியதுதான் கோளாறு என்று பிறகு பட்டறையில் கண்டுபிடித்தோம். அவன் பிழைத்தானா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.