தொட்டுப் பார்க்க வந்தவர்

அன்று லிந்துலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டில் இருந்தது நான், அம்மா, அக்கா, சவப்பெட்டிக்காரர், பாயில் இறந்து கிடந்த அப்பா. பணம் வந்தால்தான் பெட்டியை வேனிலிருந்து இறக்குவேன் என்று சவப்பெட்டிக்காரர் வாசலிலேயே நின்றார். அப்பா தோமையார் மரண உதவிச் சங்கத்தில் சந்தா கட்டியவர். சங்கம் கைவிட்டுவிடுமோ என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழையில் நனைந்தபடி சங்கத்து ஆள் வந்தார். நரைத்த மீசை, தொளதொளத்த கோட்டு, முழங்கால் வரை சேறு. நேரே போய் அப்பாவின் கையைப் பிடித்தார். மோதிரத்தைக் கழற்றுகிறாரோ என்று நெருங்கிப் போனேன்.

“என்னங்க பண்றீங்க?”

“தொட்டுப் பாத்துதான் தம்பி பணம் குடுக்கணும். எங்க பாதுகாவலர் தோமையாரே ஆண்டவரோட காயத்தத் தொட்டாதான் நம்புவேன்னு சொன்னவராச்சே.”

“செத்த வீட்டுலயும் சந்தேகமா?”

“சந்தேகப்பட்ட அவருதான் ஆண்டவருக்காகக் கடல் தாண்டிப் போயி, ஈட்டியில குத்துப்பட்டு செத்தாரு. நானும் நானுஓயாவுலருந்து நடந்துதான் வர்றேன். பஸ் ஓடல.”

பணத்தைத் தந்தார். கள்ள நோட்டோ என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

“நல்லாப் பாருங்க. நீங்களும் நம்ம சங்கந்தான்!” என்று சிரித்தார்.

பெட்டி இறங்கியது.

அடக்கம் முடிந்து பணத்தோடு அவர் தந்திருந்த ரசீதுகளை அக்கா வாசித்தாள். அப்பா கடைசி இரண்டு மாதம் சந்தா கட்டவில்லை. பாக்கி இருந்தால் சங்கம் பணம் தராது. அன்றைய தேதியில், அந்தச் சங்கத்து ஆளின் கையெழுத்தில், அந்தப் பாக்கி நானூறு ரூபாயும் கட்டப்பட்டிருந்தது.

பிணத்தைக்கூடத் தொடாமல் நம்பாதவர் என்னை எப்படி நம்பினார்? பிறகு அவர் இந்தப் பக்கம் வரவேயில்லை. நான் அவருக்குத் தர வேண்டியது நானூறு ரூபாய்.