இருபத்திரண்டு டிகிரி நோவு

புத்தளம் உப்பளத்தில் சாஹுல் ஹமீது முப்பத்தெட்டு வருடம் ஒரே வேலையைத்தான் செய்தார். பாத்தியில் குனிந்து கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவார்; தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று சொல்வார். கடல் தண்ணீர் மூன்றரை. இருபத்தைந்தில் உப்புப் பூக்கும். முப்பதில் மிச்சத் தண்ணீர் கசந்துவிடும், திறந்து விட்டுவிடுவார்கள். கடைசிப் பத்து வருடம் குழாயும் தேவைப்படவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தால் போதும்.

ஓய்வு பெற்ற மறு வருடம் புற்றுநோய் அவருடைய முதுகெலும்புக்கு வந்தது.

டொக்டர் ஃபாஹிமா அப்போது ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். மோர்ஃபின் பாணி மருந்தை வீட்டிலேயே கொடுப்பது, நோவுக்கு ஏற்ப அளவைக் கூட்டுவது. நோயாளி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். எண் கூடினால் மருந்து கூடும். விதியை எழுதியது அவரேதான்.

முதல் நாள் ஹமீது கண்ணை மூடி யோசித்து, இருபத்திரண்டு என்றார். பத்துதான் ஆகக்கூடியது என்று ஃபாஹிமா விளக்கினார்.

"பத்து டிகிரியில பூச்சி நீந்தும் மகள். அது ஒரு நோவா?"

ஃபாஹிமா பத்து என்று எழுதினார். மறுநாள் இருபத்துநாலு, அதுவும் பத்து. எண் கூடவில்லை, மருந்தும் கூடவில்லை. இன்றைக்கு ஏழு, நாளைக்கு எட்டு என்று சொல்லித் தொலைக்கும்படி ஃபாஹிமா கெஞ்சாத குறை. பொய் டிகிரி சொல்லிப் பழக்கமில்லை என்றார் ஹமீது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, இன்னும் ஒரு டிகிரியில் உப்புப் பூத்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அறிவித்தார்.

கொழும்பிலிருந்த ஆய்வுக் குழுவிடம் கேட்டதற்கு, பத்துக்கு மேற்பட்ட நோவு இந்த ஆய்வில் கிடையாது, அப்படிச் சொல்பவரை நீக்கிவிடலாம் என்று பதில் வந்தது. நீக்கினால் மருந்துப் போத்தலும் போய்விடும்.

ஹமீதின் மகன் றிம்ஸான் காற்றாலை மின்நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவர். லீவில் வந்தவர் கட்டக் கொப்பியில் ஒரு கோடு கிழித்தார். மூன்றரை டிகிரி என்றால் பூச்சியம். முப்பது என்றால் பத்து. இருபத்திரண்டு ஏழானது, இருபத்துநாலு எட்டுக்குக் கிட்ட. ஃபாஹிமா அந்தத் தாளை அனுப்பினார். குழு மறுக்கவில்லை. அளக்கும் கருவியைச் சரிபார்த்த சான்றிதழை மட்டும் கேட்டது.

கருவி கட்டிலில் கிடந்து தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருந்தது.

றிம்ஸான் மூன்று கோப்பைகளில் உப்புத் தண்ணீர் கலந்து வந்தார். ஹமீது விரலை நனைத்து ஒன்பது, பதினேழு, இருபத்துநாலு என்றார். கடைசிக் கோப்பையில் மட்டும் குழாய் அரை டிகிரி குறைத்துக் காட்டியது.

"குழாய் பிழையெண்டு எழுது மகன்."

றிம்ஸான் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார். குழு ஏற்றுக்கொண்டது. மருந்து கூடியது.

நோவு பதினெட்டுக்கு இறங்கியது, பிறகு பதினொன்றுக்கு. பூச்சி நீந்தத் தொடங்கிவிட்டது என்று சொல்லி, ஹமீது தேத்தண்ணியில் பாணைத் தோய்த்துத் தின்றார். ஒரு புதன்கிழமை ளுஹர் தொழுகைக்கு முன்னர் மூன்றரை என்றார். ஃபாஹிமா திரும்பவும் கேட்டார்.

"கடல்தான் மகள்."

பூச்சியம் என்று எழுதினார்.

வியாழக்கிழமை ஹமீதின் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த பிறகும் ஆய்வுப் படிவத்தில் அன்றைய கட்டம் வெறுமையாகக் கிடந்தது. வெறுமையாக விட விதியில்லை. எண் இல்லாவிட்டால் காரணம் வேண்டும்: நோயாளி மறுத்தார், நோயாளி தூக்கம், கருவி இல்லை. ஃபாஹிமா பேனையை எடுத்தார், வைத்துவிட்டார். றிம்ஸான் அதை எடுத்து மூன்றாவதற்குச் சரி போட்டார். பக்கத்தில், கடைசியாகச் சரிபார்த்த திகதியையும் எழுதினார்.