நூராத மெழுகுதிரி

லண்டன் இல்ஃபோர்டில் நாங்கள் மாடியில் குடியிருந்தபோது கீழ்வீட்டில் ஒரு யூதக் கிழவர் தனியாக இருந்தார். அங்கிள் என்போம். ஒருமுறை அவருக்குச் சுகமில்லை என்று அம்மா இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது. அம்மாவின் இங்கிலீஷ் 'தாங்க்யூ'வோடு முடிந்துவிடும், மிச்சமெல்லாம் நான்தான்.

கதவு பூட்டியிருக்கவில்லை. அங்கிள் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு கிளாசுக்குள் மெழுகுதிரி அடிமட்டத்துக்கு வந்து துடித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, விளக்கு நூரப்போகுது!"

எரிகிற விளக்கைத் தானாக அணைய விடுவது அம்மாவுக்கு ஆகாத காரியம். மேலே ஓடிப்போய், கரண்ட் போனால் கொளுத்த வைத்திருந்த திரியைக் கொண்டுவந்து, அதிலேயே பற்றவைத்துப் பக்கத்தில் நட்டார்.

அங்கிள் விழித்து, இரண்டு சுடரைக் கண்டு திகைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது செத்துப்போன அவருடைய அண்ணனின் நினைவுக்காம். வருடத்தில் ஒரு நாள் ஏற்றினால் அது தானாகவே எரிந்து முடிய வேண்டுமாம். வாலிபத்தில் அண்ணனும் அவரும் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போருக்கு, யாரும் கூப்பிடாமல், தாங்களாகவே போனவர்கள். அங்கே பாசிஸ்ட் ஆட்களைத் தடுக்காவிட்டால் நாளைக்கு யூதர்களின் வாசலுக்கும் வருவார்கள் என்று போனார்களாம். தாயிடம், சனி ஞாயிறு பாரிஸ் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பொய். அண்ணன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா நிலத்தில் குந்திவிட்டார். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, ஊரில் ரியூஷன் வகுப்புக்குப் போறன் என்று சொல்லித்தான் போராட இயக்கத்துக்குப் போனவர். வருடக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. நானோ பெரிய மனுசி மாதிரி அதையும் அங்கிளிடம் சொல்லிவைத்தேன். அவர் இரண்டாவது திரியை அம்மா பக்கம் மெல்ல நகர்த்தினார். இது உன் தம்பிக்கு இருக்கட்டும் என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "அவன் உயிரோட இருக்கிறான். இருக்கிறவனுக்கு ஆரும் விளக்கு வைப்பினமோ? சொல்லடி அவருக்கு!"

சொன்னேன். அங்கிள் தலையாட்டினார். தன் தாயும் அப்படித்தானாம். அண்ணனுக்கும் ஒரு தட்டு வைக்காமல் சாப்பிட உட்காரவே மாட்டாராம்.

"பிறகு எந்த வருசம் விளக்கு வைச்சவவாம் எண்டு கேள்." அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

கடைசி வரைக்கும் வைக்கவில்லையாம். தாய் செத்த பிறகு அங்கிள்தான் தொடங்கினாராம்.

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப சரி" என்று எழுந்து, இடியப்பத்துக்குச் சொதி விட்டு அவரைச் சாப்பிட வைத்தார். வழக்கில் அம்மா வென்றுவிட்டார் என்று எனக்கும் சந்தோஷம். விளக்கு வைக்கிற அந்த வேலையை அம்மா எனக்கு விட்டுவைக்கிறார் என்பது எட்டு வயதுக்கு எப்படி விளங்கும்?

அம்மா போய்ச்சேர்ந்து இரண்டு வருடம். மாமாவுக்கு நான் இன்னும் ஏற்றவில்லை.