சலூனில் இருந்த திறப்பு

“நம்மட பொம்புளயள் வந்து சைக்கிள் எடுப்பாங்களெண்டு ஆரு புள்ள ஒனக்குச் சென்ன?”

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஹாஜியார் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். கல்முனையில் பொதுச் சைக்கிள் திட்டம் ஒன்றைத் தொடங்க ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்திருந்தது. ஒரு தரிப்பிடத்தில் சைக்கிளை எடுக்கலாம், வேலை முடிந்ததும் இன்னொரு தரிப்பிடத்தில் விடலாம். மொத்தம் இருபது சைக்கிள். அதில் பத்து, நடுவில் தண்டு இல்லாத, முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிள். இணைப்பாளர் நான். அந்த மண்டபத்தில் இருந்த ஒரே பெண்ணும் நான்.

“ஒருத்தரும் செல்லல்ல ஹாஜியார். நானே எடுத்திரிக்கன்” என்றேன்.

உண்மைதான். புலமைப்பரிசில் கிடைத்து மூன்று வருடம் மைசூரில் படித்தேன். எங்கள் வீட்டில் இருந்த ஒரே சைக்கிளில் வாப்பா விடிய வயலுக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். அதனால் ஊரில் எனக்குச் சைக்கிள் பழகக் கிடைக்கவில்லை. இருபது வயதில், மைசூரின் பொதுச் சைக்கிள் ஒன்றில்தான் பழகினேன். விடுதித் தெருவின் முனையில் தரிப்பிடம். அட்டையை வைத்தால் பூட்டுத் திறக்கும். யாரிடமும் போய்க் கேட்டு நிற்க வேண்டியதில்லை. அபாயாவின் ஓரத்தை ரப்பர் பட்டி போட்டுக் கட்டிக்கொண்டு ஏறினேன். இரண்டு தடவை விழுந்து முழங்கால் உரிந்தது. அடுத்த கிழமை சந்தைக்குப் போய்க் கூடை நிறைய மரக்கறியோடு திரும்பினேன். வழியில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய சுகம் என்பது, ஊரே பார்க்கப் பார்க்க வளர்ந்தவளுக்குத்தான் தெரியும்.

“அது இந்தியா, மகள். இது கல்முன” என்று ஹாஜியார் முடித்துவிட்டார்.

அடுத்து, தரிப்பிடங்களைத் தீர்மானிக்க வேண்டும். நிறுவனத்தின் திட்ட அலுவலர், அக்கரைப்பற்றைச் சேர்ந்தவர், சனம் கூடும் இடங்களைச் சொல்லச் சொன்னார். தொழுகைப் பள்ளியடி என்றார் ஒருவர். பஸ் நிலையம், மீன் ஏலம் விடும் கடற்கரை, சந்தையடித் தேத்தண்ணிக் கடை, விளையாட்டு மைதானம் என்று அடுக்கடுக்காக வந்தன.

“தாய் சேய் கிளினிக் வாசல்லயும் ஒண்டு வைப்பம்” என்றேன்.

“சனம் கூடுற இடத்தத்தானே சேர் கேட்ட? அங்க பொம்புளயள்தானே நிக்கிற” என்றார் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவர்.

“வகுத்துப் புள்ளையோட சைக்கிள்ள வருவாளுகளோ?” என்று இன்னொருவர் கேட்க, மண்டபமே சிரித்தது.

சைக்கிளுக்குப் பூட்டு உண்டு. பூட்டைத் திறக்கும் திறப்பை யாரிடம் கொடுப்பது? தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் என்று முடிவானது. அடையாள அட்டையைக் காட்டி, கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டுத் திறப்பை வாங்க வேண்டும். அந்தப் பட்டியலை நான்தான் தட்டச்சுச் செய்தேன். பள்ளியடி: எதிர்ச் சலூன். கடற்கரை: மீன்வாடி. சந்தை: தேத்தண்ணிக் கடை. மைதானம்: விளையாட்டுக் கழகம். பஸ் நிலையம்: பீடாக் கடை. கோடு போட்டு, எழுத்தைத் தடிப்பாக்கி, அழகு பார்த்து அச்செடுத்தேன். அந்தப் பட்டியலில் என்ன பிழை என்று என் கண்ணுக்குப் படவே இல்லை. மைசூரில் பட்டம் எடுத்த கண்.

திட்டம் நன்றாகவே ஓடியது, ஆண்களுக்கு. பெண்கள் சைக்கிளையும் அவர்களே எடுத்தார்கள். மீன் பையை வைக்க முன் கூடை வசதியாம். கொப்பியைப் புரட்டுவேன், ஒரு பெண்ணின் கையெழுத்தும் இருக்காது. இவர்களுக்காகச் சண்டை பிடித்தேனே என்று பெண்கள் மீதே எனக்கு எரிச்சல் வந்தது. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் ஒரு நாள், அபாயா ஒன்றுக்கு மடிப்புத் தைக்க மச்சியிடம் போனேன். மச்சி என் மாமியின் மகள். கிளினிக்குக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறா. பள்ளிக்கூடக் காலத்தில் சைக்கிளில் பறந்தவ. இப்போது வீட்டுக்கும் கடைக்கும் ஓட்டோ, இல்லையென்றால் நடை.

“நீங்க நல்லா ஓடுவீங்கதானே மச்சி. ஏன் நம்மட சைக்கிள எடுக்கல்ல?”

வாயில் கவ்வியிருந்த ஊசிகளை மச்சி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தா.

“எங்க போய் எடுக்கிற?”

“பள்ளியடியில இரிக்கே.”

“திறப்பு?”

“முன்னுக்குள்ள...” என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

“செல்லன் புள்ள. முன்னுக்கு என்ன இரிக்கி?”

“சலூன்.”

“ஆம்புளயள் முகத்துல சவுக்கார நுரையோட சாஞ்சி கிடக்கிற இடத்துக்குள்ள போய், ‘காக்கா, திறப்பத் தாங்க’ எண்டு நிக்கச் செல்றயா? நீ போவயா? படிச்சவதானே, போய்க் காட்டன் பாப்பம்!”

நான் போனதில்லை. கொப்பி பார்க்கப் போகும் நாட்களிலும் தெருவிலேயே நின்று கூப்பிடுவேன், சலூன்காரர் கொண்டுவந்து தருவார். மீன்வாடியிலும் அப்படித்தான். நான் காலே வைக்காத ஐந்து இடங்களில் திறப்பைத் தொங்கவிட்டு, ஊர்ப் பெண்கள் வந்து எடுக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த கிழமையே திட்ட அலுவலர் அறிக்கையோடு என் மேசைக்கு வந்தார். நான் கையெழுத்து வைத்தால் போதும். நான்காவது வசனம் இது: “பெண்கள் ஆர்வம் காட்டாமையினால், பெண்களுக்கான பத்துச் சைக்கிள்களையும் வேறு மாவட்டத்துக்கு அனுப்பலாம்.” அனுப்புவதற்காகப் பத்தும் ஏற்கெனவே பள்ளியடியில் கொண்டுவந்து அடுக்கப்பட்டிருந்தன.

“சேர், ஆர்வமில்ல எண்டது பொய்.”

“ஒராளும் எடுக்கல்லதானே மிஸ்? கொப்பி சொல்லுது.”

“சலூனுக்குள்ள போய்த் திறப்பு எடுக்கச் சொன்னா, சேர்ட மிஸிஸ் போவாவா?”

அவர் முகம் சிவந்துவிட்டது. “வீட்டாக்களப் பத்திக் கதைக்காதீங்க.”

“இந்த ஊர்ல உள்ள எல்லா வீட்டாக்களப் பத்தியும் நீங்க எழுதியிரிக்கீங்களே சேர்.”

“உணர்ச்சிவசப்படாதீங்க மிஸ். ஒரு வசனம்தானே. உங்கட ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது, அதையும் யோசிங்க” என்று சொல்லி, பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

யோசித்தேன். என் உம்மா குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒரு தாளில் பெருவிரலை வைத்தா. இரண்டு வருடம் என்று வாயால் சொன்னார்கள். தாளில் மூன்று வருடம் இருந்தது. அந்த மூன்றாவது வருடத்தில்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன். எங்கள் வீட்டில் கையெழுத்து வைக்கத் தெரிந்த முதல் ஆள் நான். வாசிக்கத் தெரியாமல் உம்மா ஏமாந்தா. வாசித்து விளங்கிக்கொண்டே ஒரு பொய்க்குக் கீழே என் பெயரை எழுதினால், என்னை என்னவென்று சொல்வது?

பேனாவை எடுத்து நான்காவது வசனத்தை வெட்டினேன். பிறகு திட்டத்தின் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து முழுவதும் வாசித்தேன். பயன்பாடு குறைந்த தரிப்பிடத்தை இணைப்பாளர் மாற்றலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. கிளினிக்குப் பொறுப்பான டொக்டரிடம் போய், வாசலில் சைக்கிள் நிறுத்த எழுத்தில் அனுமதி வாங்கினேன். அதன் பிறகுதான் ஹாஜியாருக்குக் கோல் எடுத்தேன்.

“பொம்புளயள்ட சைக்கிள் பத்தையும் கிளினிக்கடிக்கு மாத்துறன் ஹாஜியார்.”

“ஆரக் கேட்டு?”

“ஒப்பந்தத்துல இரிக்கி. அடியில நீங்களும் கையெழுத்து வெச்சிரிக்கீங்க.”

“அத ஆரு புள்ள வாசிச்ச?” என்றார்.

“நான் வாசிச்ச.”

போன வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்து, பள்ளி வாசலில் ஆண்கள் நிறைந்து நிற்கும் நேரமாகப் பார்த்து மச்சியோடு போனேன். சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கதிரையில் சாய்ந்திருந்தவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

“வெளிய நில்லுங்க தங்கச்சி, கொண்டு வந்து தாறன்” என்றார் சலூன்காரர், பதறிப்போய்.

“இல்ல காக்கா. இஞ்சயே தாங்க.”

பத்துத் திறப்பையும் எண்ணித் தந்தார். கொப்பியில் கையெழுத்து வைத்தேன். அதில் முதல் பெண் கையெழுத்து.

நானும் மச்சியும் ஆளுக்கொரு சைக்கிளை ஓட்டிப் போய்க் கிளினிக்கடியில் விட்டுவிட்டு, நடந்து திரும்பி, அடுத்த இரண்டை எடுத்தோம். அப்படி ஐந்து தடவை. மூன்றாம் தடவை ஒருவர், “ரேஸ் ஒண்டு போகுது, பாருங்க!” என்று கத்தினார்.

“நாங்க ஓடுறம், நீங்க நிண்டு கொடியக் காட்டுங்க காக்கா!” என்று மச்சி பெல்லை அடித்தா. இந்த முறை அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அன்று மண்டபத்தில் அவர்கள் சிரித்ததில் வந்த கோபம் இன்னும் தீரவில்லை, தீர வேண்டும் என்ற அவசரமும் எனக்கில்லை. திறப்புகளை மச்சியின் கடையில் தொங்கவிட்டாயிற்று. வெட்டிய வசனத்துக்குப் பதிலாக, திறப்புகள் எங்கெங்கே இருந்தன, அந்தப் பட்டியலைத் தட்டச்சுச் செய்தது யார் என்பதையும் எழுதி, கையெழுத்து வைத்து, இன்று காலை அறிக்கையை அலுவலருக்கு மேலே நேராகத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.