லூசியின் மிட்டாய் டப்பா

எழுபத்தொன்பதாம் வருடத் தவக்காலத்துக்குச் சற்று முன்புதான் எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னார்கள். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. என் அப்பா இதே வியாதியில் முதலில் ஒரு காலையும் பிறகு உயிரையும் விட்டவர். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த என் ஒரே மகள் லூசிக்குப் பத்து வயது. அவள் தாயில்லாப் பிள்ளையாகி விடுவாளோ என்று நினைத்து நினைத்து அழுதேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். உடம்பு இளைக்கப் பத்து நாளைக்கு ஒரு பத்தியமும் எழுதித் தந்தார். கேழ்வரகுக் கஞ்சி, மோர், வெந்த காய். கொஞ்சம்தான், ஆனால் ஐந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். காலை மாத்திரைக்குப் பிறகு கஞ்சி கட்டாயம். தலை சுற்றினால் உடனே சர்க்கரை. அந்தச் சீட்டை அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்.

நான் ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருபவள். இந்தப் பத்தியத்தையே ஒருசந்தியாக மாதாவுக்கு ஒப்புக்கொடுத்தால் வியாதி ஓடிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஒருசந்தி என்றால் நமக்கு ஒரு வேளைச் சாப்பாடுதானே? காலையும் மதியமும் பட்டினி கிடந்து, பொழுது சாய்ந்ததும் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தேன். மாத்திரையை மட்டும் காலையில் தவறாமல் போட்டேன். வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம் எல்லாவற்றையும் கோயில் வாசலில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

"டாக்டர் அஞ்சு வேள சாப்புடச் சொன்னா நீ ஒரு வேள சாப்புடுற. டாக்டருக்கு டிமிக்கி குடுக்குறியா, மாதாவுக்கா?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கோபம் வந்தது.

நான்காம் நாள் பசி செத்துவிட்டது. உடம்பு பஞ்சு போல் இருந்தது. அவர் மில்லுக்கும் லூசி பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பட்டப்பகலில் தனியாக உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். ஒவ்வொரு மணிக்கும் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லி மூச்சு விட்டேன். மறுபாதியை அடுப்படியிலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது. மெல்லிய குரல். ஐம்பத்துமூன்று மணிக்கும் சொன்னது.

நான் பயப்படவில்லை. பெருமைப்பட்டேன். யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். அதுதான் என் பாவம்.

ஐந்தாம் நாள் அந்தக் குரல் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் முடிக்கும் முன்பே தொடங்கிவிட்டது.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணிக்குச் சிலுவைப்பாதை. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவே கோயிலுக்குப் போய்விட்டது. எழுந்து கிளம்ப முடியாமல் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். அன்று அந்தக் குரல் ஜெபமே சொல்லவில்லை. "போதும் தெரேஸ், படுத்துக்கோ" என்றது. அப்போதுதான் தெரிந்தது, அது என்னுடைய குரல்.

உடம்பெல்லாம் வேர்வை கொட்டியது. கை நடுங்கி ஜெபமாலை விழுந்தது. அடுப்படித் தரையில் சரிந்தேன். கூப்பிட வாய் வரவில்லை. மனசுக்குள் மாதாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "அம்மா, நான் போறேன். எம்புள்ளகிட்ட நீ போ."

கண் விழித்தபோது வாயெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் இனிப்பு. லூசி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பொடித்த மிட்டாயை விரலால் என் ஈறில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய பவுடர் டப்பா திறந்து கிடந்தது. தவக்காலம் முழுக்க இனிப்பு தின்பதில்லை என்று ஒப்புக்கொடுத்து, கையில் கிடைத்த மிட்டாயையெல்லாம் ஈஸ்டருக்காக அதில் சேர்த்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. சுவரிலிருந்த சீட்டைப் படித்துவிட்டு, சர்க்கரையைத் தேடிக் கிடைக்காமல், அதை எடுத்திருக்கிறாள்.

"பள்ளிக்கூடம் விடலியே, எப்படிடி வந்த?"

"நீதானம்மா ஸ்கூல் கேட்டுகிட்ட வந்து நின்ன? நீலப் பொடவ கட்டிகினு. டீச்சர்கிட்ட சொல்லிட்டு ஓடியாந்தேன். கூப்ட கூப்ட நீ நிக்கவே இல்ல, திரும்பியும் பாக்கல. வாசல் வரைக்கும் முன்னாடியே போன. உள்ள வந்து பாத்தா பச்சப் பொடவயில கீழ கெடக்குற."

என் நீலச் சேலை கொல்லைக் கொடியில் இருந்தது. காலையில் நான் துவைத்துப் போட்ட இடத்திலேயே, மடிப்புக் கலையாமல்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். குரல் கேட்டதையும் சொன்னேன். டாக்டர் திட்டினார். "பட்டினில சர்க்கர எறங்குனா இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்மா. இந்தப் பொண்ணு மிட்டாய் குடுக்கலன்னா என்னா ஆயிருக்கும்?" என்றார். அந்தக் குரலைப் பற்றி அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அது என் பட்டினியின் குரல், என் கர்வத்தின் குரல். ஆனால் என் மகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. அவள் மதியம் வயிறார எலுமிச்சை சாதம் சாப்பிட்டிருந்தாள்.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. டாக்டர் சொன்ன வேளைக்குச் சாப்பிடுகிறேன், உயிரோடு இருக்கிறேன். தனியாக ஜெபமாலை சொல்வதில்லை. மறுபாதியை லூசி சொல்கிறாள். சில நாள் அவளுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். இதுவரை இல்லை.

அன்பானவர்களே, என் ஒருசந்தியை மாதா கேட்கவில்லை. கீழே விழுந்து கிடந்தபோது சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டாள். நீங்களும் உங்கள் பிள்ளைகளை, உங்கள் பயத்தை அவளிடம் ஒப்படையுங்கள். முதலில் கஞ்சியைக் குடித்துவிட்டு ஒப்படையுங்கள். அவள் நடந்து வருவாள்.